ஒரு பெயர் மாற்ற மனுவின் பின்னால்: எங்கள் பேரூராட்சியில் கணினிகளைக் கணக்கெடுத்தபோது

2025 ஜூலை முதல் வாரம் எங்கள் செயல் அலுவலர் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். எத்தனை கணினி, எத்தனை பிரின்டர், எத்தனை ஸ்கேனர், இன்னும் எத்தனை வேண்டும் என்று நான்கு கட்டம். அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு நிற்கப் போகிறது என்பது அவருடைய கவலை. "நிரப்பிக் கொடுங்கம்மா, அடுத்த வருஷ பட்ஜெட்டில் வைக்கலாம்" என்றார்.

நான் இங்கே பதினான்கு ஆண்டாகக் கணினி இயக்குபவர். அரை நாளில் தாளை நிரப்பிவிட்டேன். இருப்புப் பதிவேட்டில் 11 கணினி இருந்தது. எண்ணிப் பார்த்தால் ஓடுவது 9. இரண்டு, ஆவண அறையில் பழைய தெருவிளக்குச் சாமான்களோடு கிடந்தன. கழிவு செய்ய யாரும் எழுதி வைக்காததால் பதிவேட்டில் மட்டும் இன்னும் உயிரோடு இருந்தன.

தாளைப் பார்த்த சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஒன்பது இருக்கு, நாலு வேணும்னு எழுதியிருக்கீங்க. நாலு வந்தா வெளியே உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு என்ன மாறும்?" என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் ஆறு வாரம் போனது.

பொருள்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு, ஒரு மனுவைத் தேர்ந்தெடுத்து அது போகிற இடத்துக்கெல்லாம் நோட்டுப் புத்தகத்தோடு கூடவே போனேன். ஜூலை 14, திங்கட்கிழமை, காலை 10.20-க்கு வந்த சொத்து வரிப் பெயர் மாற்ற மனு அது. மாமியார் பெயரில் இருந்த வீட்டை, அவர் இறந்தபின் தன் கணவர் பெயருக்கு மாற்றக் கேட்டு ஒரு அம்மா வந்திருந்தார். மாமியார் பெயரைக் கௌசல்யா என்று வைத்துக்கொள்வோம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. வரிவிதிப்பு எண் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. பெயரை வைத்துத் தேடினோம், பதிவு இல்லை என்று வந்தது. தெருவை வைத்துத் தேடினால் பழைய கதவு எண், புதுக் கதவு எண் குழப்பம். "பழைய ரசீது ஏதாவது கொண்டாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

வியாழக்கிழமை ரசீதோடு வந்தார். வரி வசூலுக்குப் போகிறவர்கள் கையில் வைத்திருக்கும் சின்ன மெஷினில் அச்சான ரசீது அது. வெப்பத்தால் கறுக்கும் தாள் என்பதால் இரண்டு வெயில் காலத்தில் எழுத்து மங்கிவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் கடைசி மூன்று இலக்கம் தெரியவில்லை. மறுபடி அனுப்பினோம். அடுத்த திங்கள் மூன்றாவது முறை வந்தபோது, எங்கள் மூத்த பில் கலெக்டர் அண்ணன் தற்செயலாக உள்ளே இருந்தார். தன் பாக்கெட் நோட்டைப் புரட்டி எண்ணைச் சொல்லிவிட்டார். அவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறவர்.

எண்ணைப் போட்டதும் பதிவு வந்தது. திரையில் கௌசல்யா என்றுதான் இருந்தது. அதே பெயரை மறுபடி அடித்துத் தேடினேன், வரவில்லை. திரையிலிருந்த பெயரை நகலெடுத்துத் தேடினால் வந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் அழித்துக்கொண்டே வந்தபோதுதான் பிடிபட்டது. அது ஔகாரக் குறி போட்ட 'கௌ' இல்லை. 'கெ' அடித்து, பக்கத்தில் ளகரத்தைத் தனியாக வைத்த 'கெள'. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு பெயர்.

ஜூலை 30-ஆம் தேதி ஆணை கையில் கிடைத்தது. மொத்தம் 16 நாள். அந்த நாள்களில் கணினியில் வேலை நடந்த நேரத்தை என் நோட்டிலிருந்து கூட்டிப் பார்த்தேன். 34 நிமிடம். அதற்குள் ஒரே பெயரை நான்கு இடத்தில் எழுதியிருந்தோம்: தபால் பதிவேட்டில் கையால், கோப்பின் குறிப்பில், என்னுடைய எக்செல் பட்டியலில், கடைசியில் வரி மென்பொருளில். ஒரு வாரம் போனது ஒரு ளகரத்தால். இரண்டு நாள், செயல் அலுவலர் மாவட்டக் கூட்டத்துக்குப் போனதால். மீதி, கள ஆய்வும் அதற்கான காத்திருப்பும். நான்கு புதுக் கணினி வந்திருந்தாலும் அந்த அம்மா மூன்று முறை பஸ் ஏறித்தான் இருப்பார்.

இதை எழுதிக் காட்டியதும் சார் சொன்னார்: "அந்தத் தாளைக் கிழிச்சுடுங்க. இப்படியே எல்லாத்தையும் பாருங்க."

முதலில் அந்த ளகரத்தையே எடுத்துக்கொண்டேன். எங்கள் பழைய பட்டியல்கள், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய காலத்தவை. அப்போதைய எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் வடிவத்தை ஏற்றியவை. பாமினி போன்ற எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்துவிட்டு எழுத்துருவை நீக்கினால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். அதோடு, கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடிக்க வேண்டும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியில் ககரம் முதலில் வரும், குறி பின்னால் ஒட்டும். தட்டச்சு இயந்திரக் காலத்திலிருந்தே ஔகாரத்தின் வால் பகுதிக்கு ளகரத்தைப் பயன்படுத்திய பழக்கம் வேறு. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்த பிறகு இந்தப் பட்டியல்களை யாரோ எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு மாற்றியிருக்கிறார்கள். அந்த மென்பொருள் தன் வேலையைச் செய்தது. ளகரமாக அடித்ததை ளகரமாகவே மாற்றிக் கொடுத்தது.

சரி, 'ெள' என்று இருப்பதையெல்லாம் 'ௌ' ஆக்கிவிடலாம் என்று பட்டியலின் ஒரு நகலில் மாற்றிப் பார்த்தேன். கௌரி, கௌதமன், மௌனசாமி எல்லாம் சரியானார்கள். ஆனால் வெள்ளைச்சாமிகளும் வெள்ளையம்மாள்களும் உடைந்துவிட்டார்கள். அந்தப் பெயர்களில் ளகரம் உண்மையான ளகரம். பிறகு விதியைக் குறுக்கினேன்: கொம்பு போட்ட எழுத்துக்குப் பின்னால் வரும் ளகரத்துக்குப் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இல்லாவிட்டால் மட்டும் மாற்று. 'வெள்ளை'யில் புள்ளி இருக்கிறது, 'வெளி'யில் இகரக் குறி இருக்கிறது, இரண்டும் தப்பிவிடும். அப்படியும் மிஞ்சிய 137 பெயரை அச்செடுத்து, பில் கலெக்டர் அண்ணனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் பெயரைப் பார்த்ததும் வீட்டையே சொன்னார். எதிலும் மாற்றம் செய்வதற்கு முன் நகல் எடுத்து வைத்ததுதான் அந்த நாளைக் காப்பாற்றியது.

இதே வகையில் வேறு இரண்டு சிக்கலும் இருந்தன. 'ஸ்ரீ' என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கும், முதல் எழுத்து 'ஸ' ஆகவும் இருக்கலாம், 'ஶ' ஆகவும் இருக்கலாம். ஸ்ரீனிவாசன், ஸ்ரீதேவி எல்லாம் இரண்டு குழுவாகப் பிரிந்து கிடந்தார்கள். 'கொ', 'கோ' வகை எழுத்துகளும் அப்படித்தான். ஓகார, ஒகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். இதற்கு ஒருங்குறியிலேயே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறை இருக்கிறது. 'ஸ்ரீ'க்கு அது உதவாது, தனியாகத்தான் மாற்ற வேண்டும்.

வரி மென்பொருளின் தரவுத்தளம் எங்கள் கையில் இல்லை, அது மாநில அளவில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு பெயர்த் திருத்தத்தையும் செயல் அலுவலர் ஒப்புதலோடு ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற முடிந்தது. தினமும் மாலை 4 மணிக்கு மேல் பத்துப் பன்னிரண்டு. செப்டம்பர் முதல் வாரத்தில் முடிந்தது.

அடுத்தது, "நெட் வரலை" என்ற புகார். இரண்டு மேசையிலிருந்து தினமும் வரும். ஒரு மேசையில் உண்மையிலேயே கேபிள் முனை ஆடிக்கொண்டிருந்தது, மாற்றினோம். இன்னொன்றில் இணையம் நன்றாகவே இருந்தது, அரசுத் தளங்கள் மட்டும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று சொல்லித் திறக்க மறுத்தன. மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தால் 2009 ஜனவரி. தாய்ப்பலகையில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. இரவு மின்சாரம் போனால் கணினி தேதியை மறந்துவிடும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லும் காலத்துக்குள் அந்தத் தேதி வராததால் உலாவி நிறுத்திவிடும். சி.ஆர். 2032 பேட்டரி, 3 வோல்ட், கடையில் 40 ரூபாய். அந்த மேசைக்காரர் பல மாதமாகத் தினமும் காலையில் என் கணினியில் வந்து வேலை செய்துகொண்டிருந்தார். நான்கு கணினிக்கு வாங்கி மாற்றிவிட்டேன், நேரத்தை இணையத்திலிருந்து தானாகச் சரிசெய்யும்படியும் வைத்தேன். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவில் நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் கணினிக் கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டும், பதிவுக் குறிப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், இணையத் தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. தெரிவிக்க வேண்டிய முகவரியை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு மேசைக் கண்ணாடிக்குள்ளும் வைத்தேன். அதுவரை எங்கள் அலுவலகத்தில் அது யாருக்கும் தெரியாது.

மின்சாரம் தனிக் கதை. கணினிப் பெட்டியின் இரும்பில் கை பட்டால் சுர்ரென்று இருக்கும் என்று எல்லோரும் பல ஆண்டாகச் சொல்லி வந்ததுதான். செருப்புப் போட்டுக்கொண்டு வேலை செய்து பழகிவிட்டார்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் அளந்தோம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, 90-க்கு மேல் காட்டியது. எர்த் கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு கணினியின் பவர் சப்ளையிலிருந்தும் கசியும் சிறு மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கிறது. கட்டடத்துக்குப் பின்னால் எர்த் குழியைத் தேடினோம். அதன் மேல் சிமென்ட் தளம் போட்டிருந்தார்கள். உடைத்துப் பார்த்தால், குழாயையும் கம்பியையும் பிணைக்கும் கிளாம்ப் துருவேறிக் கையோடு வந்தது. புதுக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்ற வாய் வைத்து, மேலே திறக்கிற மூடி போடச் சொன்னேன். மறுபடி அளந்தபோது 2 வோல்ட். எர்த் மின்தடை 5 ஓமுக்குக் கீழே.

யு.பி.எஸ். 3 கே.வி.ஏ., உள்ளே எட்டு 12 வோல்ட் பேட்டரி. சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாமே 12.6-ஐ ஒட்டித்தான் இருந்தன, நன்றாக இருப்பதாகவே தோன்றும். சுமை கொடுத்து அளந்தபோது இரண்டு மட்டும் ஒரு நிமிடத்துக்குள் 10-க்குக் கீழே இறங்கின. எட்டும் ஒரே வரிசையில் இணைந்தவை, இரண்டு படுத்தால் மொத்தமும் படுக்கும். அந்த இரண்டை மட்டும் மாற்றச் சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பழையதோடு புதியதைக் கோத்தால் புதியதும் சீக்கிரம் கெடும். எட்டையும் சேர்த்து மாற்ற எழுதிக் கொடுத்தேன்.

என்னை மிகவும் பயமுறுத்தியது காப்பு நகல். வரி, பிறப்பு இறப்பு எல்லாம் மாநில சர்வரில் இருப்பதால் நம்மிடம் இழக்க எதுவும் இல்லை என்ற எண்ணம் அலுவலகத்தில் எல்லோருக்கும் இருந்தது, எனக்கும்தான். எங்களிடம் மட்டும் இருப்பவை என்னென்ன என்று எழுதிப் பார்த்தேன். மன்றத் தீர்மானங்கள், ஸ்கேன் செய்த பழைய கட்டட வரைபடங்கள், குடிநீர் இணைப்புப் பட்டியலின் பழைய பகுதி, கடைகளின் குத்தகைக் கணக்கு, பணியாளர் பணிப்பதிவேட்டு நகல்கள். இவற்றுக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் உண்டு, வெள்ளிக்கிழமை தோறும் தானாக நகலாகும். பச்சை விளக்கு எரியும். அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு சனிக்கிழமை அந்த டிஸ்கை வேறொரு கணினியில் சொருகி, அதிலிருந்து மட்டும் ஒரு தீர்மானத்தை எடுத்து அச்சிட முயன்றேன். கடைசித் தீர்மானம் 2022 நவம்பர். அதற்குப் பிறகு கணினி மாற்றியபோது கோப்புறை வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. நகல் எடுக்கும் கட்டளை பழைய, காலியான இடத்தையே வாரம் தவறாமல் நகலெடுத்துக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட மூன்று ஆண்டுத் தீர்மானங்கள் ஒரே ஒரு கணினியின் ஒரே டிஸ்கில் இருந்தன. அன்று இரவு 8 மணி வரை இருந்து நகல் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். இப்போது மூன்று பிரதி: வேலை செய்யும் கணினியில் ஒன்று, அலுவலக டிஸ்கில் ஒன்று, கருவூல அறை பீரோவில் பூட்டி வைக்கும் டிஸ்கில் ஒன்று. கருவூல அறையும் இதே கட்டடம்தான். தீ விபத்து வந்தால் போதாது. நான்காவதாக வெளியில் ஒரு பிரதிக்கு எழுதியிருக்கிறேன்.

கடவுச்சொல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து பேர் ஒரே உள்நுழைவில் வேலை செய்தார்கள். யார் எதைத் திருத்தினார்கள் என்று கேட்டால் பதிவில் ஒரே பெயர்தான் வரும். தணிக்கையில் மாட்டுவது அந்தப் பெயருக்கு உரியவர்தான், செய்தவர் இல்லை. இதைச் சொன்னதும் தனித்தனி உள்நுழைவு கேட்டு ஐந்து பேரும் அன்றே எழுதிக் கொடுத்தார்கள். செயல் அலுவலரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் டோக்கன் (கணினியில் சொருகும் சின்னக் கருவி) இழுப்பறையில் கிடப்பதும் நின்றது, அது இப்போது சாரின் சாவிக்கொத்தில் இருக்கிறது. ஆனால் அது தனி ஆளுக்கு உரியது, அலுவலகத்துக்கு உரியது இல்லை. இடமாறுதல் வந்தால் புதியவருக்கு டோக்கன் வரும்வரை வேலை நிற்கும். அதனால் மாறுதல் ஆணை வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும் என்று பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தோம்.

ஆகஸ்ட் கடைசியில் மூன்றாண்டுத் திட்டம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் புது இணையதளம், புகார் செயலி, தொடுதிரை எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் அடித்தேன். அவை எதுவும் அந்த 16 நாளைக் குறைக்காது.

ஒன்பது கணினியில் ஐந்து விண்டோஸ் 11-க்கு ஏற்றவை. எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இரண்டும் இருந்தன. இரண்டில் டி.பி.எம். அணைந்து கிடந்தது, கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் போய் இயக்கினால் போதும். பழைய டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் போட்டதில் இவை புதியவை போல ஓடுகின்றன. மீதி நான்கில் இரண்டுக்குப் பதிலாக மட்டும் புதிது வாங்க எழுதினேன். ஒன்றில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச இயங்குதளம் போட்டு, உலாவி மட்டும் தேவைப்படும் தபால் மேசைக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். தமிழ் 99 விசைப்பலகை அதில் நன்றாகவே வேலை செய்கிறது. ஸ்கேனர்தான் இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது. கடைசி ஒன்றையும் ஆவண அறையில் இருந்த இரண்டையும் கழிவு செய்ய வேண்டும். டிஸ்கை முழுவதுமாக அழித்த பிறகு, மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். பழைய இரும்புக்காரருக்குப் போட்டால் ஊர் மக்களின் ஆதார் நகல் ஸ்கேன்களும் சேர்ந்து போகும்.

இந்தத் திட்டத்தில் நான் சண்டை போட்டு நிறுத்திய வரி ஒன்று உண்டு. எங்கள் கணக்கில் கணினி வாங்கப் பணம் எப்படியோ வரும், ஏதாவது ஒரு மானியத்தில். அதைப் பராமரிக்க ஒதுக்கீடு இருக்காது. பேட்டரி, இணையக் கட்டணம், டோனர், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் 'இதர செலவினம்' என்ற தலைப்பில் மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் நடக்கும். இரண்டு பேட்டரி செத்து எட்டையும் மாற்ற வேண்டி வரும்வரை யாரும் பார்க்காததற்குக் காரணம் அதுதான். அதனால் கணினிப் பராமரிப்புக்கு என்று ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு கேட்டேன். முதல் ஆண்டில் வாங்குவதைக் குறைத்து அந்தப் பணத்தை இங்கே காட்டினேன். கூடவே, பெயரை நான்கு இடத்தில் எழுதுவதை இரண்டாகக் குறைக்கத் தபால் பதிவேட்டையும் என் எக்செல் பட்டியலையும் ஒன்றாக்கும் முறை. இதற்குச் செலவே இல்லை.

மன்றக் கூட்டத்தில் பொருளாக வைத்தபோது ஒரு வார்டு உறுப்பினர் கேட்டார்: "புதுக் கம்ப்யூட்டர் கேட்பாங்கன்னு பார்த்தா, குழி தோண்ட பணம் கேட்கிறீங்களேம்மா?" கேள்வி நியாயமானதுதான். எர்த் அளவு எழுதிய தாளையும், கௌசல்யா மனுவின் 16 நாள் கணக்கையும் அவரிடம் கொடுத்தேன். அந்த அம்மா அவருடைய வார்டுதான். படித்துவிட்டு, தலைவரிடம் திரும்பி, "இதை நிறைவேத்திடலாம்" என்றார். எர்த், பேட்டரி வேலைகள் உடனே. மற்றவை 2026-27 வரவு செலவுத் திட்டத்தில்.

அக்டோபரில் இரண்டாம் அரையாண்டு தொடங்கியது. முதல் 30 நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்பதால் கடைசி வாரம் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். அந்த வாரத்தில் ஒருநாள் காலை 11.15-க்கு மின்சாரம் போனது. யு.பி.எஸ். 40 நிமிடம் தாங்கியது, கவுன்டர் நிற்கவில்லை. வரிசையில் இருந்த ஒரு பெரியவர் வரிவிதிப்பு எண் இல்லாமல் வந்திருந்தார். பெயர் கௌதமன். அடித்ததும் வந்தது.

இன்னும் முடியாதவை: குடிநீர் இணைப்புப் பதிவேட்டில் இரண்டு பெரிய கட்டுகள், மங்கிய ரசீதுக்கு மாற்று, ஊருக்கு வெளியே வைக்க வேண்டிய நான்காவது பிரதி. பில் கலெக்டர் அண்ணன் ஓய்வு பெறும்முன் அவருடைய பாக்கெட் நோட்டுகளைத் தெரு வாரியாகப் பட்டியலில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். புதன், வெள்ளி மாலையில் அவர் படிக்கிறார், நான் அடிக்கிறேன். ஏழாவது வார்டு வரை வந்திருக்கிறோம்.